மஞ்சள் விளக்குக்கு ஏன் பயம்?

டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் படம் எரிந்ததுமே நம் வயதுக்காரர்கள் பலர் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, நீட்டும் பில்லைக் கட்டிவிடுகிறார்கள். என்ன கோளாறு என்று முதலில் நாமே பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனரைச் செருகி, செல்போனில் செயலியைத் திறந்தால் எரர் கோட் தெரியும். (பக்கத்தில் பேத்தி இருந்தால் இன்னும் சுலபம்!) அது நோயின் அறிகுறிதான், எந்தப் பாகம் கெட்டது என்ற தீர்ப்பல்ல. பி0171 என்று வந்தால், பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்று பொருள். காற்று போகும் குழாயில் விரிசல் இருக்கலாம், ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இருக்கலாம். எடுத்த எடுப்பிலேயே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால், "எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிவை அழித்து விளக்கை அணைப்பதும் ரிப்பேர் இல்லை. கோளாறு உள்ளே இருந்தால் நாலு நாளில் திரும்ப எரியும். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள். இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும்.

சிவப்பு விஷயத்தில் இந்த வீரம் வேண்டாம். ஓடும்போது ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் ஆயில் பிரஷர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த பங்க் வரை ஓட்டினால் இன்ஜினே போய்விடும். ஓரங்கட்டி உடனே அணையுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் பிரேக் விளக்கு எரிகிறதா? பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம். ஊற்றி நிரப்பினால் விளக்கு அணையும்; தேய்ந்த பேடும் கசிவும் அப்படியே இருக்கும். பிரேக்கை மட்டும் நான் தொடுவதே இல்லை, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லிவிடுவேன்.