மணற்சோறும் முதற்பாடமும்

"பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு கொப்பியாவது நிரம்பவில்லை. போவதும் விளையாடுவதும் வருவதுமாக இருக்கிறானேயன்றிப் படிப்பதாகத் தெரியவில்லை."

இத்தகைய முறைப்பாடு இன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கேட்கிறது. எழுவான்கரையின் மீனவக் குடும்பத்திலும், படுவான்கரையின் வேளாண்மைக் குடும்பத்திலும், காத்தான்குடியின் வணிகர் இல்லத்திலும் சொல்வோர் மாறினும் கவலை ஒன்றே. அக்கவலையைத் தாங்க மாட்டாத ஆசிரியை யாது செய்கிறார்? அடுத்த வாரமே நாலு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, "அ" என்பதை ஒரு பக்கம் நிறைய எழுதி வருமாறு வீட்டுவேலை கொடுத்துவிடுகிறார். கொடாவிட்டால், பிள்ளைகள் அடுத்த தெருப் பாடசாலைக்குப் போய்விடுவர் என்ற அச்சம் அவருக்கு. மிகச் சிறு கொடுப்பனவில் காலந்தள்ளும் அவரை நாம் குறை கூறுவதற்கில்லை.

தாய்மாரின் கவலையை எள்ளி நகையாடுவதும் முறையன்று. கூலிக்கு நெல் வெட்டும் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை அவ்வயலிலிருந்து கரையேறுவதற்குக் கல்வியைத் தவிர வேறு தோணி இல்லை. மத்திய கிழக்கு நாடொன்றில் பிறர் வீட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தாய், தொலைபேசியில் முதலில் கேட்கும் கேள்வி "பிள்ளை படிக்கிறதா?" என்பதுதான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் வாயிலோ நெடுந்தொலைவிலிருந்தே தெரிகிறது. ஓடத் தொடங்குவோர் முந்தித் தொடங்கினால் முந்திச் சேரலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த எண்ணம் மெய்தானா என்பதையே இவ்வாரம் நாம் ஆராய வேண்டும்.

முதலில் பிள்ளையின் கையை நோக்குவோம். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை. மெல்லிய குருத்தாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றன்பின் ஒன்றாக இறுகி, எட்டும் எலும்பாக உருப்பெறுவதற்குப் பத்து வயதளவாகிறது. நாலு வயதில் அம்மணிக்கட்டு இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது. அத்தகைய கையைக் கோட்டுக்குள் அடங்கிய எழுத்துக்களை மணிக்கணக்காக வரையும்படி வற்புறுத்தினால், பிள்ளை எழுத்தைக் கற்பதற்கு முன் எழுத்தின்மேல் வெறுப்பைக் கற்றுக்கொள்ளும். அதே கை மண்ணைப் பிசைவதற்கும், ஈர்க்கிலை முறிப்பதற்கும், குரும்பட்டியில் ஈர்க்கில் செருகித் தேர் செய்வதற்கும் சற்றும் சலிப்பதில்லை. பென்சிலைப் பிடிக்க வேண்டிய விரல்களுக்கு இவையே உடற்பயிற்சி.

இனி அறிவை நோக்குவோம். வாவிக்கரை மணலில் இரு சிறுமியர் சோறு கறி ஆக்கி விளையாடுகின்றனர். சிரட்டை பானையாகிறது, மணல் சோறாகிறது, சிப்பி கருவாடாகிறது, பூவரசம் இலை விருந்தினருக்கு இடும் இலையாகிறது. பெரியோர் இதனைப் பொழுதுபோக்கு என்பர். ஆனால் அங்கே நிகழ்வது யாது? ஒரு பொருள் தானல்லாத வேறொன்றைக் குறித்து நிற்கலாம் என்னும் அரிய உண்மையை அச்சிறுமியர் தாமே கண்டுபிடித்துக் கையாளுகின்றனர். எழுத்து என்பதும் அதுவேயன்றோ? தாளில் உள்ள ஒரு கீறல், வாயில் எழும் ஓர் ஒலியைக் குறித்து நிற்கிறது. சிப்பியைக் கருவாடாகக் காணத் தெரிந்த பிள்ளைக்குக் கீறலை ஒலியாகக் காண்பது அடுத்த படியே. ருசிய நாட்டு உளவியல் அறிஞர் வைகோட்ஸ்கி 1933ஆம் ஆண்டில் விளையாட்டைப் பற்றி ஆற்றிய விரிவுரையில் இவ்வுண்மையையே விளக்கினார். விளையாடும்போது பிள்ளை தன் உயரத்தைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்பது அவர் கருத்து.

கணிதமும் அவ்வாறே. சற்று வளர்ந்த பிள்ளைகள் திண்ணையிலிருந்து கொக்கான் வெட்டுவதைக் கவனியுங்கள். ஐந்து கற்களில் ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் மற்றை நான்கையும் வாரவேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பின்னர் இவ்விரண்டாக, அதன்பின் மூன்றும் ஒன்றுமாக, இறுதியில் நான்கும் ஒரே வாரலில். நான்கு என்னும் எண்ணைப் பல விதமாகப் பிரிப்பதைக் கரும்பலகையின்றியே கை கற்றுவிடுகிறது! அகன்ற சிரட்டையில் உள்ள நீரை ஒடுங்கிய போத்தலில் ஊற்றி, உயரம் கூடினும் நீர் கூடவில்லை என்பதைப் பிள்ளை பல நாள் ஊற்றி ஊற்றியே உணர்கிறது. இதனைச் சொல்லிக் கொடுக்க முடியாது. செய்து பார்த்தே அறிதல் வேண்டும் என்று சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே காட்டினார். கிளித்தட்டில் கோட்டைத் தாண்டாது காத்து நிற்கும் சிறுவனோ, கால் துடித்தாலும் விதிக்காகத் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளக் கற்கிறான். வகுப்பறையில் அமைதியாக இருந்து கேட்பதற்கு வேண்டிய ஆற்றலும் அவ்வடக்கமே.

இவையெல்லாம் மேனாட்டார் சொல்லித்தான் நாம் அறியவேண்டியவை என்று எண்ணற்க. நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியையே ஓர் இலக்கிய வகையாக்கியவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழைப் பாடினார். அவ்வகை நூல்களின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். தலையெடுத்து ஆடும் செங்கீரை, இரு கையும் கூட்டிக் கொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி, மணல்வீடாகிய சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்மகவாயின் அம்மானை, நீராடல், ஊசல். விளையாட்டே அங்கு வளர்ச்சியின் அளவுகோல். குழந்தை எழுத்தெழுதும் பருவம் என ஒன்றை அப்புலவர்கள் அவற்றுள் வைக்கவில்லை என்பது சிந்திக்கத் தக்கது. நம் மட்டக்களப்பு மண்ணிலும், கோலடித்துச் சுற்றிவந்து சிறுவர் ஆடிய வசந்தன் கூத்து, தாளத்தையும் தமிழையும் உழவுத் தொழிலின் முறைகளையும் ஒருங்கே புகட்டிய பள்ளியாக விளங்கிற்று.

பிற நாடுகளில் இவ்வுண்மை பள்ளியாகவே உருப்பெற்றது. ஜெர்மனியில் 1837ஆம் ஆண்டில் சிறுவர் நிலையம் ஒன்றைத் தொடங்கிய பிரோபெல், 1840இல் அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" என்னும் பொருள்படப் பெயரிட்டார். இத்தாலிய அம்மையார் மரியா மொண்டிசோரி 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். குழந்தை கருத்தூன்றிச் செய்வதை அவர் "வேலை" என்றே அழைத்தார். பெயர் எதுவாயினும், கையால் அறிந்த பின்னரே கருத்தால் அறிதல் என்னும் முறை ஒன்றே. இன்று நம் ஊர்களில் "மொண்டிசோரி" என்று பலகை தொங்கவிட்டு உள்ளே வீட்டுவேலைக் கொப்பி நிரப்பும் நிலையங்களைக் கண்டால் அந்த அம்மையார் என்ன சொல்வாரோ!

நம் அரசாங்கமும் இதனை அறியாததன்று. 1999ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாந் தரத்திலும் இரண்டாந் தரத்திலும் வழிப்படுத்திய விளையாட்டுக்கே முதலிடம் அளித்தது. எழுத்து வேலை மேல் வகுப்புகளில் படிப்படியாகக் கூடவேண்டும் என வகுத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கே விளையாட்டு முதன்மை என்றால், நாலு வயதுப் பிள்ளையை மேசையில் கட்டிவைப்பதற்கு நியாயம் யாது?

"விளையாடிய பிள்ளை பின்தங்கிவிடாதா?" என்பீர்கள். அமெரிக்க நாட்டின் இப்சிலான்ரி என்னும் ஊரில் 1967ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 68 சிறுவரை மூன்று கூட்டங்களாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்கு ஆசிரியர் சொல்லச் சொல்லப் பயிலும் நேர்ப் பாடம். மற்றை இரண்டுக்கும் பிள்ளை தானே தேர்ந்து ஈடுபடும் முறைகள். தொடக்கத்தில் அறிவுச் சோதனையில் மூன்றுமே ஏறக்குறைய ஒரே விதமாக முன்னேறின. ஆனால் 23 வயதளவில் அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, நேர்ப் பாடம் பயின்றோரிடையே மனத் தொல்லைகளும் ஒழுக்கச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. சிறு கூட்டத்தில் செய்த ஆய்வே எனினும், அவசரத்தால் வரும் ஆதாயம் நிலைப்பதில்லை என்னும் எச்சரிக்கை அதில் உண்டு.

விளையாட்டின் மற்றொரு பயனை மட்டக்களப்பாரைவிட நன்கறிந்தவர் உலகில் அரியர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தாய்மாரும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அடுத்தடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்தனர். அந்நிலையில், 1996ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகரில் "வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா" தொடங்கப்பெற்றது. யேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதனை அமைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் அங்கு வந்தனர். சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்பதற்காக அன்று. களிமண் பிசையவும், வண்ணந் தீட்டவும், கதை புனையவும், செடி நடவும், பிராணிகளைப் பேணவுமே வந்தனர். சொல்லால் சொல்ல முடியாத துயரைப் பிள்ளையின் கை மண்ணிலே சொல்லும். ஒரே மண்ணைப் பிசைந்த இரு பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பகை அந்நியமாகிவிடும். பாலர் பாடசாலையின் மணற்குழியும் ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய பூங்காவாகலாம்.

உலகமும் இப்போது இதனை உரிமையாக ஏற்றுள்ளது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாடுதல் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடித் திரிய வேண்டும் என்றும், திரை பார்க்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையை ஓரிடத்தில் இருத்துவதற்குப் பெயர் விளையாட்டு அன்று.

ஆதலின், தாய்மாரே, அம்மம்மாமாரே, செய்யத் தக்கவை சில உள. விலை கொடுத்து வாங்கும் பொம்மைகள் வேண்டா. சிரட்டை, தென்னோலை, குரும்பட்டி, சிப்பி, புளியங்கொட்டை, பழந்துணி ஆகியவை போதும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் மட்டும் விழுங்கத் தக்க சிறு விதைகளைக் கொடாதீர்கள். நீரோடு விளையாடும் பிள்ளையைவிட்டு ஒரு கணமும் கண்ணை எடாதீர்கள். விளையாட்டு முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகும். சாமான்களை இனம் பிரித்து அடுக்கி வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். அதுவும் ஒரு பாடமே. இரவில் ஒரு கதை சொல்லுங்கள். மறுநாள் அதனைப் பிள்ளை திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.

பாலர் பாடசாலைக்குச் சென்றால், "இன்று எத்தனை எழுத்து எழுதினான்?" என்று கேளாது, "யாரோடு சேர்ந்து விளையாடினான்? என்ன கதை சொன்னான்? தோற்றபோது என்ன செய்தான்?" என்று ஆசிரியையைக் கேளுங்கள். அக்கேள்விகளைப் பத்துத் தாய்மார் கேட்கத் தொடங்கினால், வீட்டுவேலைக் கொப்பிகள் தாமே மறைந்துவிடும். ஆசிரியையும் தாம் பயின்ற முறையில் அச்சமின்றிக் கற்பிப்பார்.

எழுத்து எங்கும் ஓடிவிடாது. ஏடு தொடக்கிய பிள்ளைக்கு அது உரிய காலத்தில் கைவரும். ஆனால் நாலு வயது போனால் மீண்டு வருவதில்லை. சட்டை நிறைய மண்ணோடு பிள்ளை வந்து நிற்கும்போது கடிந்துகொள்ளாதீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு, "இன்று என்ன கட்டினாய்?" என்று கேளுங்கள்.