கடற்காற்று பிந்தும் நாள்



மே மாதத்து நாளிதழைக் கையில் எடுத்ததும் நம்மிற் பலர் முதலில் தேடுவது வெப்பநிலைப் பட்டியலையே. வேலூரில் 42, திருச்சியில் 40, சென்னையில் 38, நாகையில் 37 என்பது போல எண்கள் அங்கே வரிசையாக நிற்கும். கடலோரத்தில் வாழ்வோர் அதனைக் கண்டு, "நம் பாடு எவ்வளவோ மேல்" என்று ஆறுதல் அடைவது வழக்கம். அந்த ஆறுதலுக்கு உண்மையில் இடமுண்டா என்பதை இத்திங்கள் சற்றே ஆராய்வோம்.

பட்டியலில் காணும் அந்த எண் எங்கே அளக்கப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காற்று நுழையும் சட்டங்கள் வைத்த, வெண்மை பூசிய ஒரு மரப்பெட்டி, மனிதன் நிற்கும் உயரத்தையொட்டித் திறந்த வெளியில் நிறுத்தப்பட்டிருக்கும். அதனுள் நிழலில் தொங்கும் வெப்பமானி காட்டுவதே நாம் படிக்கும் எண். வெயிலில் கல் உடைப்பவர், உப்பளத்தில் வாருபவர், மீன் காய வைப்பவர் ஆகியோரின் உடலைத் தாக்கும் சூடு அவ்வெண்ணிலும் பெரிது. ஆகவே 38 பாகை செல்சியஸ் என்பது நிழலின் கணக்கே தவிர, உழைப்பாளியின் கணக்கன்று.

இனி, கடலோரத்தின் வெப்பத்தை முன்னறிந்து கூறுவது எப்படி என்று பார்ப்போம். பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது; கடலோ மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மீதுள்ள காற்று காய்ந்து இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரையேறுகிறது. இதுவே கடற்காற்று. இதற்கு எதிராக மேற்கிலிருந்து, காய்ந்த நிலப்பரப்பின் மீது தவழ்ந்து வரும் வறண்ட காற்று ஒன்று உண்டு. நம் முன்னோர் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டு வழங்கினர். வெயிற்காலத்தின் பெயரும் மேலைக்காற்றின் பெயரும் ஒன்றாகவே அமைந்திருப்பது எத்துணைப் பொருத்தம்!

சோழமண்டலக் கரையின் கோடைப் பகல் என்பது இவ்விரு காற்றுகளுக்கும் இடையே நாள்தோறும் நிகழும் மல்யுத்தமே எனலாம். நண்பகலுக்கு முன்னரே கொண்டல் வென்றுவிட்டால், ஏறிக்கொண்டிருந்த வெப்பம் அத்துடன் நின்றுவிடும். மேலைக்காற்று ஓங்கி நின்று, கடற்காற்றைப் பிற்பகல் மூன்று மணிவரை கரையேற விடாமல் தடுத்தால், அதே ஊர் 41, 42 பாகை என்று கொதிக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் 45 பாகை பதிவாயிற்று. கடலை அருகில் வைத்துக்கொண்டே ஒரு நகரம் அவ்வளவு காயக்கூடும் என்பதற்கு அந்நாளே சான்று.

ஆதலால் வானிலை அறிஞர் முதற்கண் நோக்குவது வெப்பமானியை அன்று. காற்றின் திசையையும் வலுவையும்தான். நாள்தோறும் காலை ஐந்தரை மணி அளவிலும் மாலை ஐந்தரை மணி அளவிலும் கருவி கட்டிய பலூன்கள் வானில் விடப்படுகின்றன. உயரே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம், ஈரம், திசை, வேகம் ஆகியவற்றை அவை வானொலி அலைகள் வழியே அறிவிக்கின்றன. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மேலைக்காற்று வலுத்தும் காய்ந்தும் இருப்பின், அன்று கடற்காற்று பிந்தும் என்று எதிர்பார்க்கலாம். இச்செய்திகளும் செயற்கைக்கோள் படங்களும் கணிப்பொறிகளில் சேர்ந்து, அடுத்த சில நாள்களின் நிலையை உருவாக்கித் தருகின்றன. வெப்ப அலை ஒன்று வரப்போகிறது என்பதைப் பல நாள் முன்னரே இன்று சொல்ல முடிகிறது. எனினும் குறிப்பிட்ட ஓர் ஊரில் கடற்காற்று பன்னிரண்டு மணிக்கு நுழையுமா, இரண்டு மணிக்கு நுழையுமா என்பது இன்றும் கடினமான கேள்வியே. அவ்விரண்டு மணி நேரத்தில் மூன்று நான்கு பாகைகள் அடங்கியுள்ளன.

வங்கக் கடலில் எழும் புயலும் இக்கணக்கில் சேரும். புயல் வடக்கே நகர்ந்து செல்லும்போது ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ள, நம் கரைமீது நிலத்தின் வறண்ட காற்று பாய்வதுண்டு. 2003 மே மாதத்தில் உருவான புயல் இலங்கையில் பெருவெள்ளமும் நிலச்சரிவும் விளைவித்து, பின்னர் மியன்மார்க் கரையை அடைந்தது. அதே மாதத்தில் ஆந்திரக் கடற்கரை கொடிய வெப்பத்தில் வெந்தது. ஒரு கரையில் மழை பெய்து கொல்ல, மறு கரையில் வெயில் காய்ந்து கொன்றது.

இதுவரை வறண்ட வெப்பத்தைக் கண்டோம். கடலோரத்துக்கே உரிய மற்றொரு பகை உண்டு, அது புழுக்கம். கோடைக் காலையில் கடற்கரையில் நின்று நோக்கினால், வானம் நீலமாக இராமல் பால் கலந்தாற்போல் வெளுத்து, தொலைவிலுள்ள கட்டுமரமும் கலங்கரை விளக்கமும் மங்கித் தோன்றுவதைக் காணலாம். இது மார்கழிப் பனியன்று. தூசியும் புகையும் கடலுப்பின் நுண்துகள்களும் காற்றில் மிதக்கின்றன. ஈரம் மிகும்போது உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து ஒளியைச் சிதறடிக்கின்றன. குளிர்ந்த கடற்காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிட்டால், இம்மூட்டம் மேலே கலைய வழியின்றித் தாழவே தங்கிவிடும். வெயில் சற்று மங்கியிருப்பதைக் கண்டு, "இன்று வெப்பம் குறைவு" என்று எண்ணிவிடுதல் எளிது. ஆனால் ஈரக் காற்று நிலத்தின் சூட்டை இரவிலும் விண்ணுக்குத் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது. பகலில் வெந்த உடல் இரவிலும் ஆறாமற் போவதே மிகுந்த கேடு.

நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால் அன்று, வியர்வை உலர்வதால்தான். மண்பானையின் புறத்தே கசியும் நீர் உலர்வதால் உள்ளே நீர் குளிர்கிறதல்லவா? மழை நாளில் அப்பானை குளிர்வதில்லை. காற்றில் ஈரம் நிறைந்தால் நம் உடலும் அவ்வாறே ஆகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். அது 35 பாகையை எட்டினால், நலமுள்ள இளைஞனும் நிழலில் வாளா இருந்தபோதிலும் உடற்சூட்டைத் தணிக்க இயலாது என்பது கணிப்பு. அதற்குப் பல பாகை கீழேயே ஆபத்து தொடங்குகிறது என்று அண்மைய ஆய்வுகள் காட்டியுள்ளன. முதியோர்க்கு இன்னும் கீழே.

2023 ஏப்ரல் 16ஆம் நாள் நவி மும்பையின் கார்கர் என்னுமிடத்தில் திறந்த வெளியில் ஒரு விருது விழா நடந்தது. கடலை அடுத்த அப்பகுதியில் வெப்பம் 40 பாகையை எட்டவில்லை. ஆயினும் பல மணி நேரம் வெயிலில் அமர்ந்திருந்தோரில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணை மட்டும் நம்பியிருப்பதன் விலை இது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளிகளில் குறைந்தது 40 பாகையும், கடலோரத்தில் 37 பாகையும் எட்டி, அத்துடன் வழக்கத்தினும் 4.5 பாகை மிகுந்தால் வெப்ப அலை என்று அறிவிக்கிறது. மே மாதத்தில் சென்னையின் வழக்கமான பகல் வெப்பமே 37, 38 பாகை அளவினது. ஆகவே 38 பாகையும் கடும் புழுக்கமும் சேர்ந்த ஒரு நாள் இவ்விலக்கணத்துள் அடங்காது. இக்குறையை நிரப்பவே, "வெப்பமும் புழுக்கமும் நிலவும்" என்ற தனி எச்சரிக்கை கடலோர மாவட்டங்களுக்கு விடுக்கப்படுகிறது. வெப்ப அலை என்ற சொல் இல்லையே என்று அதனைத் தள்ளிவிடலாகாது. நமக்கென்றே எழுதப்பட்ட வரி அது.

முன்னறிவிப்பு உயிர் காக்குமா? காக்கும், அது செயலாக மாறினால். 1998ஆம் ஆண்டு ஒடிசாவில் வெப்பத்தால் 2,000 பேருக்கு மேல் மடிந்தனர். அதன்பின் அம்மாநிலம் வேலை நேரத்தையும் பள்ளி நேரத்தையும் காலைக்கு மாற்றியது. தண்ணீர்ப் பந்தல்களைப் பெருக்கியது. ஊர்தோறும் எச்சரிக்கையைக் கொண்டு சென்றது. அத்தகைய பேரிழப்பு அங்கே மீண்டும் நேரவில்லை. 2010 மே மாதத்துப் பெருவெப்பத்தில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத் நகரம், 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டத்தை வகுத்தது. தென்னாசிய நகரங்களில் அதுவே முதலாவது. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவிக்கு வழி செய்தது.

ஆனால் கணிப்பொறியிலிருந்து புறப்பட்ட செய்தி கடைசி வீட்டின் வாசலை அடைவது அரசால் மட்டும் ஆவதன்று. தனித்து வாழும் பாட்டி நாளிதழ் படிப்பதில்லை. தகரக் கூரையின் கீழ்ப் படுத்திருக்கும் நோயாளிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இன்னதென்று தெரியாது. நாட்கூலி பெறுபவர் தெரிந்தாலும் வேலையை விட இயலாது. எனவே குடும்பத் தலைவர்களும் தலைவியரும் கீழ்க்கண்டவற்றைக் கருத்திற் கொள்வார்களாக.

எச்சரிக்கை நாளில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளிவேலை வேண்டாம். நம் வீட்டில் கட்டட வேலை நடந்தால், நேரத்தை விடியலுக்கு மாற்றிக் கூலியைக் குறைக்காது கொடுப்போம். திருமணத்தையும் விழா ஊர்வலத்தையும் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வோம். தாகம் எடுக்குமுன்னரே நீரும், மோரும், நீராகாரமும் பருகலாம். காற்று 40 பாகையைக் கடந்தபின் மின்விசிறி வெப்பத்தையே வாரி வீசும். அப்போது உடலை நனைத்துக்கொள்வதே மேல். ஒருவர் பேச்சுத் தடுமாறினாலோ, நினைவு மயங்கினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ, அது வெறும் களைப்பன்று. 108க்குச் சொல்லிவிட்டு, நிழலில் கிடத்தி, நீரால் நனைத்து விசிறுக. மயங்கியவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

கடற்காற்று எப்போது வரும் என்பதை அறிஞர் கணித்துச் சொல்வர். அது பிந்தும் நாளில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "பாட்டி, தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்பது நம் பங்கு. கேட்கும் ஊரில் வெயில் இருக்கும்; சாவு குறையும்.