விளக்கு மலிவு, சரக்கு மலிவல்ல

எல்.இ.டி. ஸ்டிரிப் சுருளை வாங்கி ஷோகேஸில் நாமே ஒட்டிக்கொள்ளும் வழக்கம் நமது கடைகளில் பெருகிவிட்டது. சிக்கனம்தான், தவறில்லை. ஆனால் "12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" என்ற அலட்சியம் கூடாது. ஷாக் அடிக்காது என்பது உண்மை; தீப்பிடிக்காது என்பது உண்மையல்ல.

மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஸ்டிரிப், 5 மீட்டர் சுருளுக்கு 72 வாட். 230 வோல்ட்டில் இது அரை ஆம்பியர்கூட இல்லை. 12 வோல்ட்டிலோ 6 ஆம்பியர். மெல்லிய ஒயரும், கையால் முறுக்கிவிட்ட இணைப்பும் இதில் சூடேறும். எனவே 100 வாட்டுக்குக் குறையாத அடாப்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், இறுக்கமான கனெக்டர், ஒரு பியூஸ் ஆகியவை அவசியம். இரண்டாவது சுருளை முதல் சுருளின் வாலில் கோக்காமல் அதற்குத் தனி அடாப்டர் வைப்பதே நல்லது.

சூடு வெளியேறவும் வழி வேண்டும். ஸ்டிரிப்பை அலுமினியச் சேனலில் ஒட்ட வேண்டும். தெர்மாகோல், அட்டை, துணி மீது ஆகாது. சுருளாகவே எரியவிடக் கூடாது. அடாப்டரைச் சரக்குக் கட்டுகளுக்கிடையில் செருகாமல் காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

இதை விற்கும் வணிகர்களுக்கும் பொறுப்பு உண்டு. சுருளை மட்டும் கொடுத்தனுப்பாமல், எத்தனை வாட் அடாப்டர், எந்த ஒயர் என்று பில்லிலேயே எழுதிக் கொடுப்போம். சேனலிலும் ஒயரிலும் சில நூறு ரூபாயை மிச்சம்பிடித்து, கடைச் சரக்கு முழுவதையும் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது.