துப்பாக்கி ஏந்துவோரும் அவர்தம் ஆசான்மாரும்

வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வண்டி பெண்ணாடம் போன்ற ஊர்களின் கடைவீதியில் நிற்கும்பொழுது, துப்பாக்கி தாங்கிய காவலாளி அதன் அருகில் நிற்கிறார். ஜனங்கள் அவரை உரசிக்கொண்டு போகிறார்கள். துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதென்று எவரும் கவனிப்பதில்லை. அதைக் கவனிக்க வேண்டிய கடமை காவலாளிக்கு உரியது. அவருக்குக் கற்பித்த ஆசானுக்கும் உரியது.

பட்டாளத்திலும் போலீஸ் படையிலும் ஆயுதப் பயிற்சி தரும் ஹவில்தார்கள் முதலிற் கற்பிக்கும் பாடம் சுடுவதன்று. எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே எண்ணு. சுட நினையாத பொருளின்மேல் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வையாதே. குறி தப்பினால் குண்டு எங்கே போய் நிற்குமென்று முன்னரே யோசி. பார்வைக்கு இவை சிறுபிள்ளைப் பாடங்கள். ஆனால் கைகால் ஓய்ந்து, வெயிலில் நின்று, எதிரே ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசும் நேரத்தில் அவை தாமாகவே நினைவுக்கு வரவேண்டுமானால், மாதக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். நல்ல ஆசான் விரலைவிடக் கோபத்தையே அதிகம் பழக்குகிறார்.

பெண்ணாடத்துக்கு அதிகத் தொலைவில்லாத நெய்வேலியில் 2014-ஆம் வருஷம் மார்ச்சு 17-ஆம் தேதி நடந்ததை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது சுரங்கத்தின் அருகே வாய்த் தகராறு முற்றி, மத்திய தொழிற் பாதுகாப்புப் படைச் சிப்பாய் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கூலிக்கு உழைக்க வந்தவனை, சொத்தைக் காக்க வைத்த துப்பாக்கி கொன்றது. அந்தச் சிப்பாய் பயிற்சி பெறாதவரல்லர். அரசாங்கப் படையில் முறையாகப் பயின்றவர். குறி பார்க்கக் கற்றது கையில் நின்றது. பொறுக்கக் கற்றது நிற்கவில்லை.

பயிற்சித் திடலே எமனான கதையும் உண்டு. புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30-ஆம் தேதி அதே படையினர் சுட்டுப் பழகிய நேரத்தில், திடலுக்கு வெளியே பாட்டனார் வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் பிள்ளை இறந்துபோனான். குண்டு எங்கே போய் நிற்குமென்ற கேள்வியைச் சிப்பாய்க்குக் கற்பிக்கும் இடத்திலேயே அக்கேள்விக்கு விடையில்லாமற் போயிற்று.

சட்டங்களுக்குக் குறைவில்லை. தனியார் காவல் ஸ்தாபனங்களை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் மத்திய சர்க்கார் 2006-இல் வகுத்த மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்புப் பாடமும் 60 மணி நேர வெளிப் பயிற்சியும் வேண்டுமென்றன. முன்னாள் சிப்பாய்க்கு 40-ம் 16-ம் போதுமென்றன. இச்சலுகை ஒருவாறு நியாயமே. ஆயினும் போர்முனை வேறு, கடைவீதி வேறு. எதிரியை நோக்கிப் பழகிய கை, காய்கறிக் கூடையுடன் நிற்கும் கிழவியின் நடுவே எப்படி இருக்கவேண்டுமென்பது தனிப் பாடம். இதைப் பதினாறு மணி நேரத்தில் அடக்கியவர்களின் சிக்கனத்தை என்னவென்பது! ஆயுதம் கையாளும் பகுதியோ அவ்விதிகளில் கட்டாயமாகவும் இருக்கவில்லை, விரும்பினால் கற்பிக்கலாமென்றே இருந்தது. துப்பாக்கியில்லாத காவலாளிக்கு அது சரி. துப்பாக்கி ஏந்துபவருக்கு விருப்பமென்ற பேச்சு எதற்கு?

ஆகையால் நாம் கேட்பது இது. காவல் ஸ்தாபனங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகள் சான்றிதழ்க் காகிதத்தோடு திருப்தியடையாமல், துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொருவரையும் வருஷந்தோறும் நேரில் பரீட்சிக்க வேண்டும். பரீட்சிப்பவர் அந்த ஸ்தாபனத்தின் சம்பளம் வாங்குபவராக இருத்தலாகாது. சுடும் திடல்களின் தடுப்பு மேடுகளையும் சுற்றியுள்ள குடியிருப்புகளின் தூரத்தையும் அளந்து, அளவை அவ்வூர் ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓய்வுபெற்ற பயிற்சி ஆசான்கள் நமது ஜில்லாக்களில் நிறைய இருக்கிறார்கள். இவ்வேலைக்கு அவர்களை அழைத்தால் சர்க்காருக்குப் பெருஞ்செலவாகாது. விருத்தாசலம் பகுதியின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேள்வியாக எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.