அரை பீத்தோவன்

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடம் கீபோர்டு வகுப்புக்குப் போனவள். போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது கீபோர்டு பரணுக்குப் போயிருந்தது. "என்ன கண்ணு, இப்பல்லாம் வாசிக்கிறதில்லையா?" என்று கேட்டேன். "எனக்கு அது வராது மாமா" என்றாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வதுபோல, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுட்டது.

எது வரவில்லை என்று அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஃப்யூர் எலீஸ், மூன்லைட் சொனாட்டா, பெயர் தெரிந்த இன்னும் நாலைந்து. எல்லாமே 'ஈஸி வெர்ஷன்'. வலது கைக்கு மெட்டு. இடது கைக்கு ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும் வேலை. ஆண்டுவிழாவில் ஃப்யூர் எலீஸின் முதல் பகுதியை வாசித்துக் கைத்தட்டும் வாங்கியிருக்கிறாள். அப்புறம் ஒருநாள் முழு இசையையும் யூடியூபில் கேட்டிருக்கிறாள். தான் வாசித்தது அதில் ஒரு மூலைதான் என்று தெரிந்திருக்கிறது. மிச்சத்தை வாசிக்க உட்கார்ந்து, முடியாமல், தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

அந்தத் தீர்ப்பு தப்பு. குற்றவாளி அவளல்ல, அவளுக்கு அந்த இசையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள்.

ஃப்யூர் எலீஸ் பீத்தோவன் 1810இல் எழுதியது. அச்சுக்கு வந்தது அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல். எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் பகுதி கைக்கு அடக்கமானதுதான். ஆனால் அடுத்த பகுதியிலேயே வலது கை திடீரென்று ஓட வேண்டும். அதற்கும் பிறகு, இடது கை ஒரே கட்டையை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே கார்டுகள் கனத்துக்கொண்டே போகும். ஆரம்பநிலை மாணவரிடம் இதைக் கொடுப்பது, வாசல் மட்டும் உள்ள வீட்டைக் காட்டி 'குடிவா' என்று சொல்வது.

மூன்லைட் இன்னும் மோசமான கண்ணி. மெதுவாகப் போகிறது, அதனால் சுலபம் என்று நினைக்கிறோம். அதன் முதல் பகுதியில் வலது கையின் சுண்டுவிரல் மெட்டைப் பாட வேண்டும். அதே கையின் மற்ற விரல்கள் சத்தமே காட்டாமல் மும்மூன்றாக நகர வேண்டும். ஒரே கைக்குள் இரண்டு ஆட்கள்! வருடக்கணக்காக வாசிப்பவர்களுக்கே வேர்க்கும் இடம் இது. வேகம் குறைவென்றால் கஷ்டமும் குறைவு என்பது இசையில் செல்லாது.

நம் தப்பு ரொம்ப எளிமையானது. 'தெரிந்த பாட்டு' என்பதையும் 'எளிய பாட்டு' என்பதையும் ஒன்றாக்கிவிட்டோம்.

கர்நாடக சங்கீதத்தில் இந்தக் கூத்து நடப்பதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் முடிந்ததும் மலஹரியில் புரந்தரதாசர் கீதம் சொல்லிக்கொடுப்பார்கள். சின்னது, ஆனால் முழுசு. பஞ்சரத்னக் கீர்த்தனையில் பாதியை வெட்டி, சங்கதியெல்லாம் பிய்த்து, 'இந்தா, உனக்கு ஈஸி வெர்ஷன்' என்று எந்தப் பாட்டு டீச்சராவது கொடுப்பாரா? பியானோவுக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம்?

பியானோவுக்கும் கீதங்கள் இல்லாமலில்லை. பாக் தன் மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமனுக்கு ஒன்பது வயதில் ஒரு பயிற்சி நோட்டுப் போட்டுக் கொடுத்தார். மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டில் ஜி மேஜர் மினுயெட் ஒன்று இருக்கிறது. ரொம்பக் காலம் பாக் எழுதியது என்றே நம்பப்பட்டு, 1970களில்தான் அது கிறிஸ்தியான் பெட்ஸோல்டுடையது என்று தெரியவந்தது. மொத்தம் 32 பார்தான். ஆனால் இடது கை அதில் வேலைக்காரன் இல்லை, வலது கையோடு பேசும் இன்னொரு குரல்.

ஷூமன் 1848இல் மூத்த மகள் மரியின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று சில சின்ன இசைகள் எழுத ஆரம்பித்து, கடைசியில் 43 கொண்ட 'இளையோருக்கான ஆல்பம்' ஆனது. அதில் வரும் 'குதூகல விவசாயி'யில் மெட்டு இடது கையில், வலது கை துணைக்கு. ஒரு குழந்தையின் இடது கைக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மோஸ்' 153 இசைகள், ஆறு தொகுதிகள். முதல் இரண்டையும் மகன் பீட்டருக்குக் காணிக்கையாக்கினார். முதல் பக்கங்களில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கும். ஐந்து விரல் வைத்த இடத்தைவிட்டு நகராது. அவ்வளவுதான். ஆனாலும் அது பார்டோக்தான், பார்டோக்கின் ஈஸி வெர்ஷன் அல்ல.

'தெரிந்த பாட்டை வாசித்தால்தானே ஆர்வம் வரும்?' என்பார்கள். நியாயமான கேள்வி. நானே முப்பது வயதில் மூன்லைட் ஆசையில்தான் பியானோ முன் உட்கார்ந்தேன். ஒரு வருடம் வீடியோவில் விழும் கலர்க் கட்டங்களைப் பார்த்து விரலை வைத்தேன். ஒரு பக்கத்தைச் சொந்தமாகப் படிக்க வரவில்லை. அந்த ஆர்வம் நிஜம், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஆர்வம் ஆளைப் பியானோவுக்குக் கூட்டிவரும், அங்கேயே உட்காரவைக்காது. ஒரு இசையை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை, எழுதியவர் எழுதியபடியே முடிப்பதுதான் உட்காரவைக்கும்.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது மூன்றே மூன்றைப் பாருங்கள். இசையமைத்தவரே எழுதிய வடிவமா? ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிகிறதா? இடது கைக்குச் சொந்தமாக ஏதாவது சொல்ல இருக்கிறதா? மெதுவாக வாசித்தாலும் மூன்று வாரத்தில் கைக்கு வராவிட்டால், உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அதை மூடிவைத்துவிட்டு இன்னும் சின்னதாக ஒன்றை எடுங்கள். பெட்ஸோல்டும் ஷூமனும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறார்கள்.

பொங்கல் லீவில் பரணிலிருந்து கீபோர்டை இறக்கினோம். பார்டோக்கின் முதல் பக்கத்தை வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். முழுசும் வாசிச்சிட்ட."

நம்பாமல் பக்கத்தைத் திருப்பி, பின்பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். பாதியையே கொடுத்துப் பழக்கியிருக்கிறோம், பாவம்.