‘மேற்படி’ போடும் உரிமை

திருவையாற்றில் எங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் பழைய நிலக் கணக்குக் கட்டு ஒன்று இருக்கிறது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘௸’ என்றொரு குறி. ‘மேற்படி’ என்பது அதன் பொருள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, ரூபாய்க்கு ௹. நூறு முறை எழுத வேண்டிய சொல்லை ஒரே இழுப்பில் முடித்தார்கள் நம் முன்னோர்.

கணினியில் நிரல் எழுதுவோர் இன்று செய்வதும் இதுவே. அதை ‘ஸ்னிப்பெட்’ என்கிறோம். ஒரு சுருக்கச் சொல்லைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் பத்து வரிகள் திரையில் வந்து நிற்கும். 2004-இல் வெளிவந்த டெக்ஸ்ட்மேட் இம்முறையைப் பரப்பியது. 2015-இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோடும் பெரும்பாலும் அதே இலக்கணத்தையே பின்பற்றுகிறது.

நமக்கு வேண்டிய ஸ்னிப்பெட்டை நாமே செய்து கொள்ளலாம். ஆனால் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஜேசான் கோப்பில் ஒவ்வொரு வரியையும் மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும்; உள்ளே வரும் மேற்கோள் குறிக்கும் டாலர் குறிக்கும் சாய்கோட்டுக் காவல் போட வேண்டும். ஒன்று தவறினாலும் எல்லாம் கெடும். இதைச் செய்து தரக் கட்டளை வரிக் கருவிகள் உண்டு. நிரல் கோப்பின் பெயரையும் சுருக்கச் சொல்லையும் கொடுத்தால் போதும், ஸ்னிப்பெட் தயார்.

அப்படியானால் மாணவர்க்கு இது வரமா, சாபமா?

என் கதையைச் சொல்கிறேன். சென்ற பருவத்தில், பிறர் செய்த ஸ்னிப்பெட்டுகளை மூட்டையாக இறக்கி வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் ‘வேகக்காரன்’ என்று பெயர் வாங்கினேன். செய்முறைத் தேர்வன்று வேறு கணினி. கோப்பைத் திறந்து படிக்கும் நிரலைக் கேட்டிருந்தார்கள். சுருக்கச் சொல் நினைவில் இருந்தது. அது எதைச் சுருக்கியது என்பதுதான் தெரியவில்லை! வெட்கத்தோடு வெளியே வந்தேன்.

அன்றிரவு அந்த ‘௸’ நினைவுக்கு வந்தது. மேலே முழுமையாக எழுதியவனுக்கன்றோ ‘மேற்படி’ போடும் உரிமை உண்டு? மேலே ஒன்றுமே எழுதாமல் ‘மேற்படி’ போட்டால் அது கணக்காகுமா?

“வேலைக்குப் போனால் எல்லாம் கருவிதானே” என்பர் சிலர். உண்மைதான். இன்று செயற்கை நுண்ணறிவு முழு நிரலையே எழுதித் தருகிறது. ஆனால் வந்த நிரலில் பிழை இருந்தால் கண்டுபிடிப்பது யார்? தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்த ஊர் இது. சரளி வரிசை சாதகம் செய்யாமல் கற்பனாஸ்வரம் பாட வந்தால் இவ்வூர் கேட்குமா?

ஆகவே கருவியை விலக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் கையால் பத்து முறை எழுதுங்கள். பிறகு சுருக்குங்கள். சுருக்கும் கருவியையும் நீங்களே செய்யுங்கள். ஜேசான் நூலகம் பைத்தானோடு கூடவே வருவதால் முப்பது வரிக்குள் முடிந்துவிடும். விளக்கப் பகுதியில், அந்த நிரல் என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையானால், நண்பர்களே, அதைச் சுருக்கும் நாள் இன்னும் வரவில்லை என்று அறிக!

— இளநிலைக் கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு