பத்தாம் வருசப் படம் எங்கே?

இடது பக்கம் பெரிய உடம்பு, வலது பக்கம் அதே ஆள் பாதியாக. கீழே ஒரு தொலைபேசி இலக்கம். உடல் எடை குறைக்கும் சத்திரசிகிச்சை விளம்பரம் எந்த மொழியில் வந்தாலும் இந்த இரண்டு படத்தைத் தாண்டுவதில்லை. வலது பக்கப் படம் எப்ப எடுத்தது எண்டு யாராவது கேட்டிருக்கிறீர்களா? அநேகமாக முதலாவது, இரண்டாவது வருசத்தில். எடை நல்லாக் குறைந்து நிற்கிற காலம் அதுதான். பத்தாம் வருசத்தில் அந்த ஆளின்ர களம் எப்படி இருக்குது எண்டு ஒருத்தரும் படம் போடுறதில்லை.

களம் எண்டால் சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே களம். தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் சாப்பாடு இறங்குகிற குழாய். கலைப்பீட ஆள் நான், இதுக்கு மேல எனக்குத் தெரியத் தேவையில்லை எண்டுதான் இருந்தேன். ஆனால் வாசிக்க வாசிக்க, இதில் மருத்துவத்தை விட வியாபாரம்தான் கூட இருக்கிறதாகப் பட்டது.

உலகத்தில் இப்போது பரவலாகச் செய்யப்படுவது ஸ்லீவ் எனப்படும் சத்திரசிகிச்சை. இரைப்பையில் முக்கால்வாசி அளவை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒடுங்கின குழாயாக விடுவார்கள். வெட்டினதைத் திருப்பி ஒட்ட ஏலாது. வெட்டுப்படுகிற மேற்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் ஓமோன் பெருமளவு சுரக்கிறது, ஆகவே பசி குறையும். இவ்வளவும் விளம்பரத்தில் வரும். வராத விசயம் இது: சாப்பிட்டவுடன் பலூன் மாதிரி விரிந்து அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வதும் அதே மேற்பகுதிதான். அது போனபிறகு குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. களத்தின் அடியில் வாசல்போல இருக்கும் தசையும் சிலருக்குப் பலம் குறைகிறது. அமிலம் மேலே வருகிறது. பசியைக் குறைக்கிற வெட்டும் களத்தைப் புண்ணாக்குகிற வெட்டும் ஒரே வெட்டு. இதைப் "பக்கவிளைவு" எண்டு சின்ன எழுத்தில் போட்டுவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

பின்லாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. 2008 தொடக்கம் 2010 வரை 240 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு ஸ்லீவும் மற்றவர்களுக்கு பைபாஸும் செய்தார்கள். பத்து வருசம் கழித்து எண்டொஸ்கொபி குழாயை விட்டுப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. களத்தில் அழற்சி: ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 வீதம். மூன்று பேரில் ஒருவருக்குக் கிட்ட.

இந்த இடத்தில் யூடியூப்பில் கத்துகிற மற்றக் கூட்டத்துக்கும் ஒன்று சொல்லவேணும். அமிலம் பட்டுப் பட்டுக் களத்தின் உட்சுவர் மாறிப்போகும் நிலைக்கு பரெட் களம் எண்டு பெயர். புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற நிலை அது, ஆனால் அது வந்த பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அதே பின்லாந்து ஆய்வில் அது இரண்டு பக்கத்திலும் 4 வீதம்தான். "வெட்டினா கான்சர்" எண்டு பயம் காட்டுகிறதும் ஒரு வியாபாரம். கடுமையான உடற்பருமனோடும் நீரிழிவோடும் வாழ்கிற பலருக்கு இந்தச் சத்திரசிகிச்சை உண்மையாகவே உதவுகிறது. அதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் இந்தக் கதை முதல் தடவையும் இல்லை. ஸ்லீவுக்கு முன்னம் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு வளையத்தைப் பூட்டினார்கள். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லேசான வேலை, வேண்டாம் எண்டால் கழற்றலாம் எண்டார்கள். வருசங்கள் போக, சிலருக்கு வளையத்துக்கு மேலே களம் வீங்கி விரிந்தது. கன பேர் திரும்பவும் மேசையில் படுத்துக் கழற்றினார்கள். அந்தச் சந்தை ஓய ஸ்லீவ் வந்தது.

எனக்குக் கூடக் கோபம் வருகிற இடம் வேறை. சத்திரசிகிச்சை செய்தவர் நெஞ்செரியுது எண்டு சொன்னால், "திண்டு கொழுத்தவைக்கு இது காணும்" எண்டு சொல்ல எங்கட சனத்துக்கு நிமிசம் செல்லாது. குண்டாக இருக்கேக்கையும் பகிடி, மெலிஞ்ச பிறகும் "குறுக்கு வழி" எண்டு நக்கல். கலியாணப் பேச்சுக்கு முன்னம் இளைச்சுக் காட்டவேணும் எண்டு பிள்ளையை நெருக்கினதும் இதே வாய்கள்தான். பிறகு அந்தப் பிள்ளை யாரிட்ட முறையிடும்? ஒமெப்ரசோல் அட்டையை வாங்கிப் பையுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

பேசாமல் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு எரிச்சலும் இல்லாமலே களத்தில் அழற்சி இருக்கலாம். அதனால்தான் இஃப்சோ எனப்படும் உடற்பருமன் சத்திரசிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருசத்தில் எண்டொஸ்கொபி, பிறகு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கால் எண்டு 2020இல் பரிந்துரைத்தது. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதை யார் செய்விக்கிறது? சென்னையிலோ கொழும்பிலோ செய்துபோட்டு வவுனியாவில் வந்து இருக்கிற ஒருவரை ஐந்தாம் வருசம் யார் கூப்பிடுவார்? "பக்கேஜ்" விலையில் அறை வாடகை இருக்கும், சாப்பாட்டு அட்டவணை இருக்கும். அந்த எண்டொஸ்கொபிகள் இருக்குமா?

ஆகவே உங்கட வீட்டில் யாராவது இதுக்குப் போகிறார்கள் எண்டால் கூடப் போங்கோ. ஏற்கெனவே நெஞ்செரிவு இருக்கிறவருக்கு ஏன் பைபாஸ் இல்லாமல் ஸ்லீவ் எண்டு கேளுங்கோ. பைபாஸுக்கும் விலை உண்டு, வாழ்நாள் முழுக்க விற்றமின் போடவேணும், அதையும் கேளுங்கோ. வெட்டுவதற்கு முன்னம் களத்தை ஒருக்கால் பார்ப்பார்களா, பிறகு எப்ப எப்ப பார்ப்பார்கள், அது எழுத்தில் இருக்குதா எண்டு கேளுங்கோ. "நெஞ்செரிஞ்சா வாங்கோ பாப்பம்" எண்டு பதில் வந்தால், அந்த 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையைத் தேடி எடுத்து அவரின்ர மேசையில் வையுங்கோ.